ஹலோ... நான் பேசறது கேக்குதா?

எங்கள் வீட்டில் செல்போனில் பேச வேண்டுமானால் மொட்டை மாடிக்குப் போக வேண்டும். மாடியிலும் நினைத்த இடத்தில் நின்று பேசிவிட முடியாது. தண்ணீர்த் தொட்டிக்கும் துணி உலர்த்தும் கொடிக்கும் நடுவே ஒரு சதுர அடி இருக்கிறது, அங்கேதான். முத்தாபுதுப்பேட்டையில் மனை விலை எகிறிவிட்டதாகப் புரோக்கர்கள் சொல்கிறார்கள். என் மாடியில் உள்ள அந்த ஒரு சதுர அடியை மட்டும் எந்த விலைக்கும் தருவதாக இல்லை.

இதில் விசித்திரம் என்னவென்றால், கீழே ஹாலில் உட்கார்ந்திருக்கும்போதும் போனில் கோடுகள் நிறையத் தெரியும். எதிராளி பேசுவது கணீரென்று கேட்கும். நான் பேசுவதுதான் அவருக்குப் போய்ச் சேராது. மேலதிகாரி என்னைத் திட்டுவது ஒரு எழுத்து விடாமல் வந்து இறங்கும். நான் சொல்லும் சமாதானம் மட்டும் காற்றில் காணாமல் போகும். கல்யாணம் ஆனவர்களுக்கு இது பழக்கமான நிலைமைதான். ஆனாலும் மாதாமாதம் காசு கட்டி வாங்க வேண்டுமா என்ன?

போன வருஷம், 2025 ஜூன் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. வழக்கம்போல் மாடியில் நின்று ‘ஹலோ... ஹலோ... கேக்குதா?’ என்று அலறிக்கொண்டிருந்தேன். பக்கத்து மாடியிலிருந்து குரல் வந்தது.

“அண்ணா, எனக்கு நல்லா கேக்குது. டவருக்குத்தான் கேக்கலை.”

பக்கத்து வீட்டுத் தம்பி. அம்பத்தூர் எஸ்டேட்டில் சின்ன கம்பெனி ஒன்றில் வேலை. ஆவடி வரை சைக்கிள், அப்புறம் எலெக்ட்ரிக் ட்ரெயின். ராத்திரி ஒரு மணி வரை அவன் ரூமில் லைட் எரியும். லவ் என்று நினைத்திருந்தேன். இல்லையாம், பேடன்ட்.

கைப்பிடிச் சுவரைத் தாண்டிக் குதித்து வந்தான். கையில் பிளாஸ்டிக் ஃபோல்டர்.

“நீங்க ஆடிட் அப்ஜெக்‌ஷனுக்கெல்லாம் பதில் எழுதறவர்தானேண்ணா?”

உண்மைதான். நான் ஓர் அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா. இருபத்திரண்டு வருஷமாக ஆடிட் பாராக்களுக்குப் பதில் எழுதுகிறேன். அடைமொழி இல்லாமல், ஆத்திரம் இல்லாமல், ‘பத்தி 4(ஆ)-வில் கண்டுள்ள ஆட்சேபணை தொடர்பாக...’ என்று ஆரம்பித்தால் நாற்பது பக்கம் மூச்சு விடாமல் போவேன். என் கலைக்கும் ஒரு ரசிகன் கிடைத்தான் என்று உள்ளூரச் சந்தோஷம்.

ஃபோல்டரில் இருந்தது பேடன்ட் ஆபீசின் முதல் ஆய்வறிக்கை. தம்பி 2022 நவம்பரில், தீபாவளி போனஸ் வந்த கையோடு மனு போட்டிருக்கிறான். தனி ஆசாமி என்றால் ஆன்லைனில் மனுவுக்கு 1,600 ரூபாய், ஆய்வு செய்யச் சொல்லிக் கேட்பதற்கு 4,000 ரூபாய். இது சர்க்கார் ஃபீஸ். மனுவை முறைப்படி எழுதிக் கொடுத்த ஏஜென்ட்டுக்கு ஆனது தனி. அதற்காக அவன் அம்மாவின் ரெண்டு வளையல் ஆவடியில் ஓர் அடகுக் கடையில் உட்கார்ந்திருக்கிறது. மனு போட்டுப் பதினெட்டு மாதம் கழித்துப் பத்திரிகையில் பிரசுரமாகி, 2025 பிப்ரவரியில் இந்த அறிக்கை. பதில் கொடுக்க ஆறு மாதம் கெடு. கொடுக்காவிட்டால் மனுவைக் கைவிட்டதாக அர்த்தம். பதில் எழுத ஏஜென்ட் மறுபடி கேட்ட தொகைக்கு வளையல் இல்லை. அக்காவின் கழுத்தில் மிச்சம் இருப்பது ஒரே ஒரு செயின். அதைத் தொட மாட்டேன் என்று நாலு மாதத்தை ஓட்டிவிட்டான்.

“என்னதான்டா கண்டுபிடிச்சே?”

“நீங்க இப்ப அலறினீங்களே, அதுக்கு மருந்து.”

போனுக்கும் டவருக்கும் நடுவே ரெண்டு பாதை. டவரிலிருந்து நமக்கு வருவது டவுன்லிங்க். நம்மிடமிருந்து டவருக்குப் போவது அப்லிங்க். போனில் தெரியும் கோடுகள் டவுன்லிங்க்கை மட்டும் பார்த்துப் போடுபவை. அதாவது, ‘அவர் பேசுவது எனக்கு எவ்வளவு நன்றாகக் கேட்கிறது’ என்பதற்கு மார்க். நாம் பேசுவது அவருக்குக் கேட்கிறதா என்பதற்கு அதில் மார்க்கே கிடையாது.

ஆடி மாதம் எங்கள் தெருவில் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவார்கள். ஸ்பீக்கர் சத்தம் படுக்கையறை வரை வரும். ‘கொஞ்சம் குறைங்கப்பா’ என்று படுக்கையறையிலிருந்து நாம் கத்தினால் போய்ச் சேருமா? டவர் அந்த ஸ்பீக்கர். பல பத்து வாட்டில் முழங்குகிறது. போனின் தொண்டைக்கு உச்சவரம்பு சாதாரணமாக 200 மில்லிவாட். ஒரு வாட்டில் ஐந்தில் ஒரு பங்கு. அதற்கு மேல் கத்தினால் பேட்டரி தாங்காது, உடம்புக்கும் ஆகாது.

ஆகவே ஆரம்ப காலத்திலேயே இஞ்சினீயர்கள் ஒரு தர்மம் செய்தார்கள். அலைவரிசை உயர உயர, போகிற வழியில் அலை அதிகமாகத் தேயும். அதனால் பலவீனமானவனுக்குக் கீழ் வரிசை. 1995-ல் இந்தியாவுக்குச் செல்போன் வந்தபோது ஜி.எஸ்.எம். ஏற்பாடு இதுதான்: போன் பேச 890 முதல் 915 மெகாஹெர்ட்ஸ், டவர் பேச 935 முதல் 960.

“அப்ப கேபிள் டி.வி. குடைக்கும் அதே கணக்கா?” என்று கேட்டு என் அறிவைக் காட்டினேன்.

“அங்க தலைகீழ்ணா. மேல போறது 6 கிகாஹெர்ட்ஸ், கீழ வர்றது 4.”

யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். அங்கே ஏழை, சாட்டிலைட். சூரிய வெளிச்சத்தில் பிழைக்கிற ஜீவன். தரையில் இருப்பவன் பெரிய குடையும் தாராளமான கரண்டும் வைத்திருக்கிறான், அவன் மேல் வரிசையில் கத்தட்டும். ரெண்டு இடத்திலும் சட்டம் ஒன்றுதான். யார் இளைத்தவன் என்று பார்க்க வேண்டும். இவ்வளவு கருணையான ஒதுக்கீட்டை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

5ஜி வந்ததும் இந்தத் தர்மம் கொஞ்சம் ஆட்டம் கண்டது. 2022 ஆகஸ்ட் 1-ம் தேதி முடிந்த ஏலத்தில் நம் கம்பெனிகள் அள்ளியவற்றில் முக்கியமானது 3300 முதல் 3670 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பட்டை. அதில் மேலே போக, கீழே வர என்று தனித்தனி வரிசை கிடையாது. ஒரே வரிசையில் முறை வைத்துப் பேச வேண்டும். முறையிலும் பெரும்பங்கு நேரம் டவருக்கே. போதாததற்கு, அலைவரிசை இரண்டு மடங்கானால் அதே தூரத்தில், அதே மாதிரிக் குட்டி ஆன்டெனாக்களுக்கு நடுவே, போய்ச் சேரும் சக்தி நாலில் ஒரு பங்காகிவிடும். 1800-ல் பிழைத்துக்கொண்டிருந்த போனை 3500-க்குத் தூக்கிப் போட்டால் என்ன ஆகும்? நான் மாடிக்குப் போவேன்.

இந்தக் கஷ்டம் உலகத்துக்கே தெரியும். நம் ஊர் ஆட்களும் சும்மா இருக்கவில்லை. சென்னை ஐ.ஐ.டி., ஹைதராபாத் ஐ.ஐ.டி. இரண்டும் சேர்ந்து உழைத்த ‘5ஜி-ஐ’ என்ற இந்தியத் தரநிர்ணயம் டவர்கள் தள்ளித் தள்ளி நிற்கும் நம் கிராமங்களை மனதில் வைத்துப் போட்டது. போன் அனுப்பும் அலையின் வடிவத்தைச் செதுக்கி, அதே பேட்டரியில் இன்னும் கொஞ்சம் உரக்கப் பேச வைப்பது அதில் ஒரு வழி. உலகத் தொலைத்தொடர்பு யூனியன் அதை 2021-ல் ஏற்றுக்கொண்டது. பிறகு அது சர்வதேசத் தரத்தோடு ஐக்கியமாகிவிட்டது.

இன்னொரு வழி, நம் தம்பி வழி. போன் கேட்பது 3500-லேயே இருக்கட்டும். பேசுவதை மட்டும், தேவைப்பட்டால், 1800 மாதிரி ஒரு கீழ் வரிசைக்கு இறக்கிவிடலாம். எப்போது இறக்குவது? டவர் சிக்னல் ஓர் அளவுக்குக் கீழே போனால் இறக்கு. முடிந்தது. இதைத்தான் அவன் மனுவில் முதல் உரிமைக் கோரிக்கையாக எழுதியிருந்தான்.

அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில் பேடன்ட் ஆபீசர் இதற்கு ஒரு வரியில் பதில் சொல்லியிருந்தார். இது ஏற்கெனவே இருக்கிறது.

இருக்கத்தான் இருக்கிறது. 2018-ல் வந்த 5ஜி முதல் தரநிர்ணயத்திலேயே ‘துணை அப்லிங்க்’ என்று பெயர் வைத்து, 1710 முதல் 1785 வரை ஒரு பட்டை, 703 முதல் 748 வரை இன்னொன்று என்று பேசுவதற்கு மட்டுமான பட்டைகளை வரிசையாக ஒதுக்கியிருக்கிறார்கள். 38.321 என்ற எண்ணுள்ள ஆவணத்தில், டவரிலிருந்து வரும் சிக்னல் ஒரு வரம்புக்குக் கீழே இருந்தால் துணைப் பட்டையைத் தேர்ந்தெடு என்று பச்சையாக எழுதியிருக்கிறது. தம்பி மனு போட்டது அதற்கு நாலு வருஷம் பின்னால்.

“நானா யோசிச்சதுண்ணா. சத்தியமா எங்கேயும் பாக்கலை.”

நம்பினேன். ஆனால் பேடன்ட் சட்டத்தில் ‘நானா யோசிச்சது’ என்பதற்குத் தனி காலம் கிடையாது. உலகத்தில் எவனாவது முன்னால் சொல்லியிருக்கிறானா என்பதுதான் கேள்வி. காதலிலும் அதே விதிதான் என்று சொல்ல வாயெடுத்தேன். பையன் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன்.

அடுத்த ஆட்சேபணை பிரிவு 3(கே). 1970-ம் வருஷத்துப் பேடன்ட் சட்டத்தில் எதற்கெல்லாம் பேடன்ட் கிடையாது என்று ஒரு பட்டியல். அதில், கணித முறை, வியாபார முறை, ‘கம்ப்யூட்டர் புரோகிராம் பெர் ஸே’, அல்கரிதம். ‘சிக்னல் குறைந்தால் வரிசையை மாற்று’ என்பது வெறும் அல்கரிதம்தானே என்பது கேள்வி.

‘பெர் ஸே’ என்றால் ‘அதனளவில்’ என்று அர்த்தம். 2002-ல் சட்டத்தைத் திருத்தியபோது நுழைத்த ரெண்டு லத்தீன் வார்த்தைகள். அந்த ரெண்டு வார்த்தையில் எத்தனை வக்கீல் குடும்பங்கள் வீடு கட்டியிருக்கும்! ஃபெரித் அல்லானி என்பவர் 2002-ல் இந்தியாவில் போட்ட மனு இந்தப் பிரிவில் மாட்டி, டெல்லி ஹைகோர்ட் வரை போய், 2019 டிசம்பரில் தீர்ப்பானது. புரோகிராம் இருக்கிறது என்பதற்காகவே தள்ளிவிடக் கூடாது, அதனால் தொழில்நுட்ப ரீதியில் ஒரு பலன் விளைகிறதா என்று பாருங்கள் என்றது கோர்ட். பதினேழு வருஷம்! பேடன்ட்டின் மொத்த ஆயுளே இருபது வருஷம்தான்.

இதிலெல்லாம் அப்படி என்ன காசு என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. போனில் பேச்சைச் சுருக்கி அனுப்புவது போன்ற விஷயங்களுக்கு எரிக்சன் கம்பெனி இந்தியாவில் வாங்கி வைத்திருந்த எட்டு பேடன்ட்டுகளை வைத்து லாவா கம்பெனி மீது கேஸ் போட்டது. ஒரு பேடன்ட் செல்லாது என்று போய், மிச்சம் ஏழு நின்றது. 2024 மார்ச்சில் டெல்லி ஹைகோர்ட் போட்ட நஷ்ட ஈடு 244 கோடி ரூபாய். அந்த விசாரணையிலும் 3(கே) வந்தது. இவை வெறும் அல்கரிதம் என்று லாவா வாதாடிப் பார்த்தது. இந்தத் தொகையைத் தம்பியிடம் சொன்னபோது அவன், “வளையல் மீட்டா போதும்ணா” என்றான்.

அலைவரிசை மாற்றுவதில் பேடன்ட் வாங்கி ஏமாந்த ஒருவரின் கதையை ஆறுதலுக்காக அவனுக்குச் சொன்னேன். ஹெடி லமார் என்ற ஹாலிவுட் அழகி. ஜார்ஜ் ஆன்தைல் என்ற சங்கீதக்காரரோடு சேர்ந்து, ரேடியோவில் செலுத்தும் டார்பிடோவை எதிரி குழப்ப முடியாதபடி அலைவரிசையைத் தாவித் தாவி மாற்ற வழி கண்டுபிடித்தார். தாவுவதற்கு 88 அலைவரிசைகள், பியானோவின் கட்டைகள் எத்தனையோ அத்தனை. 1942 ஆகஸ்ட் 11-ல் அமெரிக்கப் பேடன்ட் கிடைத்தது, எண் 2,292,387. கடற்படை அப்போது சீந்தவில்லை. 1959-ல் காலாவதி ஆனது. தாவுகிற யோசனை பிற்பாடு எங்கெங்கோ புகுந்து, இன்று காதில் மாட்டும் புளூடூத் வரை வந்துவிட்டது. பேடன்ட்டால் அம்மணிக்குச் சல்லிக்காசு கிடைக்கவில்லை.

“அவங்களுக்கு சினிமா இருந்ததுண்ணா” என்றான் தம்பி. ஆறுதல் எடுபடவில்லை.

ஜூலை முழுக்க ராத்திரி உட்கார்ந்தோம். ஆடிட்காரர்களிடம் நான் கற்ற முதல் பாடம், ஆட்சேபணையில் நியாயமான பகுதியை முதலிலேயே ஒப்புக்கொள். எதிராளிக்குப் பாதி கோபம் போய்விடும். அதனால் முதல் கோரிக்கையை அப்படியே காப்பாற்றுவது வேண்டாம் என்றேன். குறுக்கு. 2018 ஆவணத்தில் இல்லாதது உன்னிடம் என்ன இருக்கிறது?

அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. எழுந்து போய் ஜன்னலருகே நின்றான். நான் என் போனைப் பார்த்தேன். வழக்கம்போல் கோடுகள் நிறைய.

“ஏண்டா, அந்த ஆவணப்படி பாத்தா என் போன் எப்ப மாறும்?”

“டவர் சிக்னல் குறைஞ்சா.”

“எனக்குத்தான் குறையவே இல்லியே! கோடு முழுசா இருக்கு. அப்ப மாறவே மாறாதே. நான் மாடியிலயே செத்தேன்.”

திரும்பிப் பார்த்தான். அந்த மாதிரி ஒரு பார்வையை ஆபீசில் யாரும் என்னைப் பார்த்ததில்லை. சட்டென்று தன் மனுவின் காப்பியை இழுத்துப் புரட்டினான். பதினாலாம் பக்கத்தில் ஒரு வாக்கியம். டவர் சிக்னலோடு, போன் தன் முழு சக்தியில் அனுப்பியும் டவர் ‘வந்து சேரவில்லை, திரும்ப அனுப்பு’ என்று எத்தனை தடவை கேட்கிறது என்பதையும் எண்ணி முடிவு செய்யலாம். ஏதோ பேச்சுவாக்கில் எழுதி, இரண்டாவது கோரிக்கையின் வாலில் பாதி ஒட்டவைத்து, மறந்தே போயிருக்கிறான்.

அந்த வாக்கியம் மட்டும் இல்லாவிட்டால் கதை அன்றைக்கே முடிந்திருக்கும். பிரிவு 59, கோரிக்கையைத் திருத்தலாம், ஆனால் குறுக்கத்தான் செய்யலாம். முதலில் எழுதிக் கொடுத்ததில் இல்லாத புதுச் சரக்கைச் சேர்க்கக் கூடாது. இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனையோ ஃபைலில் ஒரு தாள் கிடைத்து ஆள் தப்பித்ததைப் பார்த்திருக்கிறேன். ஒரு வாக்கியத்துக்காக எனக்குக் கை நடுங்கியது இதுதான் முதல் தடவை.

பதில் தயாரானது. கோடுகளை நம்பாமல், தன் தொண்டை கிழிகிறதா என்று பார்த்து அப்லிங்க் வரிசையைத் தேர்ந்தெடுக்கும் போன். அதனால் விளையும் பலன், அறுபடாத பேச்சு, மிச்சமாகும் பேட்டரி. துறை தெரிந்த ஆசாமிக்குச் சட்டென்று தோன்றியிருக்காது என்பதற்கு மூன்று பத்தி. 3(கே)-வுக்கு நாலு பத்தி. படிவம் 3-ல் ஒரு காலம் காலியாக இருந்ததைப் பூர்த்தி செய்ய அரைப் பத்தி. அதை நானே ஆசையாக எழுதினேன். கெடுவுக்கு ஐந்து நாள் இருக்கையில் அனுப்பினான்.

நவம்பரில் ஹியரிங் நோட்டீஸ் வந்தது. கிண்டியில் ஜி.எஸ்.டி. ரோட்டில் இருக்கும் ஆபீசுக்கு இஸ்திரி போட்ட சட்டையில் போய் நிற்கப் போகிறோம் என்று நினைத்திருந்தேன். இல்லையாம். வீடியோவில்!

அன்றைக்கு என்று மழை. என் வீட்டு ஹாலில் தம்பியின் லேப்டாப், பிராட்பேண்ட், சாமி படத்துக்கு அவன் அம்மா வைத்த பூ, எல்லாம் தயார். பத்து நிமிஷம் இருக்கும்போது கரண்ட் போனது. எங்கள் பகுதியில் மழைக்கு முன்னால் கரண்ட் போகும், மழைக்குப் பின்னால் வராது. போனிலிருந்து நெட் எடுத்தான். திரையில் அதிகாரி தெரிந்தார், பேசினார், எங்களுக்குக் கணீரென்று கேட்டது. தம்பி பேசினான்.

“உங்கள் குரல் கேட்கவில்லை” என்றார் அவர்.

கோடுகள் முழுசாக இருந்தன.

தம்பி என்னைப் பார்த்தான். நான் குடையை எடுத்தேன். மொட்டை மாடியில், தொட்டிக்கும் கொடிக்கும் நடுவே அந்த ஒரு சதுர அடியில் அவன் லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்க, நான் குடை பிடித்தேன். அவன் நனையவில்லை. நான் முழுசாக நனைந்தேன். அதிகாரி பொறுமைசாலி, காத்திருந்தார்.

“இப்ப கேட்கிறதா சார்?”

“கேட்கிறது. சொல்லுங்கள்.”

இருபத்தைந்து நிமிஷம் பேசினான். நான் எழுதிக் கொடுத்த ஆங்கிலத்தில் பாதியைத் தூக்கிப் போட்டுவிட்டு, சற்று முன் கீழே ஹாலில் என்ன நடந்தது, போன் என்ன செய்திருக்க வேண்டும், 2018 ஆவணப்படி நடந்திருந்தால் ஏன் செய்யாது என்று விளக்கினான். அவர் நடுவே நாலு கேள்வி கேட்டார். ஒன்று நிஜமாகவே கஷ்டமான கேள்வி. வாதங்களைப் பதினைந்து நாளுக்குள் எழுத்தில் கொடுக்கச் சொல்லி முடித்தார். கொடுத்துவிட்டோம். உத்தரவு இன்னும் வரவில்லை. வளையலுக்கு வட்டி கட்டிக்கொண்டிருக்கிறான்.

அன்றைக்கு நாங்கள் சொட்டச் சொட்ட இறங்கி வந்தபோது, அக்கா படிக்கட்டின் அடியில் துண்டோடு நின்றிருந்தார்.

“என்னப்பா சொன்னாங்க?”

தம்பி தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னான்.

“அவங்களுக்குக் கேட்டுதாம்மா.”